நீச்சற்குளத்து நெடியும் அதனை நீக்கும் நெறியும்

நீச்சற்குளத்தின் அருகே செல்லும்போது சில வேளைகளில் மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி எழுகிறது. கண் எரிகிறது; தொண்டை கமறுகிறது. உடனே, ‘குளோரினை அள்ளிக் கொட்டிவிட்டார்கள்’ என்று குறை கூறுவோர் பலர். ‘மருந்து வாடை நன்றாக வீசுகிறது, ஆகவே நீர் தூய்மையாகத்தான் இருக்கும்’ என்று மன நிறைவு கொள்வோரும் உளர். இவ்விரு கூற்றுகளும் வேதியியலின் முன் நிற்கமாட்டா. அந்த நெடி குளோரின் மிகுதியால் வருவது அரிது. பெரும்பாலும் குளோரின் போதாமையால்தான் வருகிறது. இவ்வுண்மையையும், அதன் காரணத்தையும், நெடியை நீக்கும் முறையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வீட்டில் நீச்சற்குளம் வைத்திருப்போர் நம்முள் மிகச் சிலரே. ஆயினும் அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் வீட்டுக் குளங்கள் பெருவழக்காக உள்ளன. நம் நகரங்களிலும் அடுக்ககங்களிலும் பண்ணை வீடுகளிலும் அவை இடம்பெற்று வருகின்றன. பொதுக் குளத்தைப் பராமரிக்கப் பயிற்சி பெற்றவர் ஒருவர் இருப்பார். வீட்டுக் குளத்திற்கோ வீட்டுக்காரரே பொறுப்பாளர். அவருடைய பிழையான எண்ணம் அவர் குழந்தைகளின் உடல்நலத்தையே தாக்கும். ஆதலின் இது வெறும் மூக்கைப் பற்றிய செய்தி அன்று.

1. குளோரின் நீருக்கு வந்த வரலாறு

குளோரின் வாயுவை 1774இல் சுவீடன் நாட்டு அறிஞர் ஷீலே தயாரித்தார். அது ஒரு தனிமம் என்பதை 1810இல் இங்கிலாந்தின் சர் ஹம்ஃப்ரி டேவி நிறுவி, வெளிர் பச்சை நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயரிட்டார். 1847இல் வியன்னா மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், பிரசவம் பார்க்கும் முன் மருத்துவர்கள் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வேண்டுமெனக் கட்டளையிட்டார். தாய்மார்களின் சாவு வெகுவாகக் குறைந்தது. 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரக் குடிநீரில் தொடர்ந்து குளோரின் கலக்கும் முறை தொடங்கிற்று. அடுத்த சில ஆண்டுகளிலேயே நீச்சற்குளங்களும் இம்முறையை ஏற்றன.

இவ்வரலாற்றை நினைவிற் கொள்ளுதல் நன்று. ஏனெனில் நெடிக்கு அஞ்சிக் குளோரினை நிறுத்துபவர், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உயிர் காத்துவரும் காவலனை வாயிலிலிருந்து விரட்டுகிறார்.

2. நீருக்குள் நிகழ்வது யாது?

குளத்தில் இடும் பொருள் குளோரின் வாயுவாகவோ, நீர்மமான சோடியம் ஹைப்போகுளோரைட்டாகவோ, தூளான கால்சியம் ஹைப்போகுளோரைட்டாகவோ இருக்கலாம். எதுவாயினும் நீரில் கரைந்ததும் உண்டாகும் முக்கியப் பொருள் ஒன்றே. அதுவே ஹைப்போகுளோரஸ் அமிலம். கிருமியைக் கொல்லும் ஆற்றல் இதற்கே உரியது. இது ஓரளவு பிரிந்து ஹைப்போகுளோரைட்டு அயனியாகவும் மாறும். அவ்வயனி கிருமிகளைக் கொல்வதில் மிகவும் மந்தமானது. இவ்விரண்டையும் சேர்த்துத் ‘தனிக் குளோரின்’ என்கிறோம்.

இவற்றின் விகிதத்தை முடிவு செய்வது நீரின் பி.எச். மதிப்பாகும். பி.எச். 7.5 ஆக இருக்கும்போது ஏறத்தாழப் பாதி அமிலமாகவும் பாதி அயனியாகவும் உள்ளன. பி.எச். 7 ஆனால் முக்கால் பங்கு அமிலமாக இருக்கும், 8 ஆனால் கால் பங்கே எஞ்சும், 8.5 ஆனால் பத்தில் ஒரு பங்குதான். எனவே ஒரே அளவு குளோரின் இட்ட இரு குளங்களில் ஒன்று பாதுகாப்பாகவும் மற்றொன்று ஆபத்தாகவும் இருத்தல் கூடும். பி.எச். மதிப்பு 7.2க்கும் 7.8க்கும் இடையே இருப்பது நீந்துவோரின் கண்ணுக்கும் ஏற்றது. குளோரினின் வேலைக்கும் ஏற்றது.

3. நெடியின் பிறப்பு

தனிக் குளோரின் போதிய அளவில் மட்டும் உள்ள தூய நீரில் மூக்கைத் துளைக்கும் நெடி இராது. பின் நெடி எங்கிருந்து பிறக்கிறது? நீந்துபவரிடமிருந்து பிறக்கிறது என்பதே விடை.

வியர்வையிலும் சிறுநீரிலும் அம்மோனியாவும் யூரியாவும் உள்ளன. உடல் அழுக்கு, தலை எண்ணெய், முகப்பூச்சு ஆகியவையும் நீரில் கலக்கின்றன. பறவையின் எச்சமும், உதிர்ந்த இலையும், தோட்டத்திலிருந்து அடித்து வரப்படும் உரமும் வீட்டுக் குளத்திற்குச் சேரும் கூடுதல் சீதனம். இவற்றிலுள்ள நைட்ரஜன் சேர்மங்களோடு குளோரின் வினைபுரிகிறது. அவ்வினை மூன்று படிகளில் நிகழ்வதைக் கீழே காணலாம்.

அம்மோனியா + ஹைப்போகுளோரஸ் அமிலம் → மோனோகுளோரமின் + நீர்

மோனோகுளோரமின் + ஹைப்போகுளோரஸ் அமிலம் → டைகுளோரமின் + நீர்

டைகுளோரமின் + ஹைப்போகுளோரஸ் அமிலம் → டிரைகுளோரமின் + நீர்

இம்மூன்றும் குளோரமின்கள் எனப்படும். இவற்றுள் அகப்பட்டுக்கொண்ட குளோரினைக் ‘கூட்டுக் குளோரின்’ என்பர். மோனோகுளோரமினுக்கு நெடி குறைவு. டைகுளோரமினுக்கு நெடி மிகுதி. டிரைகுளோரமினோ நீரில் நில்லாமல் எளிதில் காற்றில் கலந்துவிடும். கண்ணையும் மூச்சுக்குழலையும் உறுத்தும். அது காற்றைவிடக் கனமானது. ஆதலால் காற்றோட்டம் இல்லாத இடத்தில் நீர்ப்பரப்பின் மேலேயே படிந்து நிற்கும். நீந்துபவர் தலையைத் தூக்கி மூச்சிழுக்கும் இடமும் அதுதானே!

மனிதர் நீரில் எவ்வளவு கலக்கின்றனர் என்பதற்கு ஓர் ஆய்வைச் சுட்டலாம். உணவில் சேர்க்கும் செயற்கை இனிப்புப் பொருள்களுள் ஒன்று செரிக்கப்படாமல் சிறுநீரோடு அப்படியே வெளியேறும். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவ்வினிப்பைக் குளத்து நீரில் அளந்து, 2017இல் முடிவை வெளியிட்டனர். 8,30,000 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு பொதுக் குளத்தில் ஏறத்தாழ 75 லிட்டர் சிறுநீர் கலந்திருந்ததாக அவர்கள் கணக்கிட்டனர். நெடியைப் பற்றிக் குளோரினைக் குற்றம் சாட்டுமுன் இக்கணக்கை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் தகும்.

4. பிழையான சிகிச்சையும் அதன் விளைவும்

நெடி வந்ததும் குளோரின் இடுவதை நிறுத்திவிடுவது இயல்பாகச் செய்யும் பிழை. நிறுத்தியதும் எஞ்சியிருந்த சிறிதளவு தனிக் குளோரினும் அழுக்கோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும். நெடி மறையாது, காவலும் போய்விடும்.

குளோரமினும் ஓரளவு கிருமியைக் கொல்லும். ஆனால் அதன் வேகம் மிகக் குறைவு. தனிக் குளோரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கும், பி.எச். 7.5உம், வெப்பநிலை 25 டிகிரி செல்சியசும் உள்ள நீரில், குருதிக் கழிச்சலை உண்டாக்கும் ஈ. கோலை நுண்ணுயிர் ஒரு நிமிடத்திற்குள் மடிகிறது. மஞ்சட்காமாலையைத் தரும் ஹெபடைட்டிஸ் ‘ஏ’ கிருமிக்கு ஏறத்தாழ 16 நிமிடமும், கியார்டியாவுக்கு ஏறத்தாழ 45 நிமிடமும் வேண்டும். தனிக் குளோரின் இல்லாத குளத்தில் இக்கிருமிகள் ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் வாய்க்குச் செல்லப் போதிய அவகாசம் கிடைத்துவிடுகிறது. கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணியோ இதே குளோரினில் பத்து நாளுக்கு மேல் தாங்கவல்லது. ஆகவேதான் வயிற்றுப்போக்கு உள்ளவர் குளத்தில் இறங்கவே கூடாது என்று வற்புறுத்துகின்றனர்.

நறுமணப் பொருளைக் கலந்து நெடியை மறைப்பது மற்றொரு பிழை. அது குளோரினுக்கு மேலும் ஓர் உணவாகும், அவ்வளவே.

5. அளந்தறிதல்

மூக்கு எச்சரிக்கை தருமே தவிர, அளவு சொல்லாது. அளவுக்குச் சோதனை வேண்டும். இதற்கு டி.பி.டி. என்னும் வினைபொருள் சிறந்தது. குளத்து நீரில் முதல் மாத்திரையை இட்டால் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். அதனை நிற அட்டையோடு ஒப்பிட்டுத் தனிக் குளோரினை அறியலாம். பொட்டாசியம் அயோடைடு உள்ள அடுத்த மாத்திரையையும் இட்டால் நிறம் மிகும். அது மொத்தக் குளோரினைக் காட்டும். மொத்தத்திலிருந்து தனியைக் கழித்தால் கிடைப்பது கூட்டுக் குளோரின். நீரை மஞ்சளாக்கும் ஆர்த்தோடாலிடின் சோதனை இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டாது. மொத்தத்தை மட்டும் கண்டு ‘குளோரின் நிறைய இருக்கிறது’ என்று ஏமாற அது இடம் தரும்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு மையத்தின் அறிவுரைப்படி, வீட்டுக் குளத்தில் தனிக் குளோரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கேனும் இருத்தல் வேண்டும். சயனூரிக் அமிலம் கலந்த குளமாயின் இரு பங்கேனும் வேண்டும். கூட்டுக் குளோரின் 0.4 பங்கைத் தாண்டினால் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அம்மையம் பொதுக் குளங்களுக்கென வெளியிட்ட மாதிரி விதி. வீட்டுக் குளத்திற்கும் அதனை எல்லையாகக் கொள்ளலாம்.

6. முறிவுப் புள்ளி

இனி, நெடியை நீக்கும் நெறிக்கு வருவோம். அம்மோனியா கலந்த நீரில் சிறிது சிறிதாகக் குளோரின் சேர்த்து, ஒவ்வொரு முறையும் மொத்தக் குளோரினை அளந்து வரைபடம் போட்டால் ஒரு புதுமை தோன்றும். முதலில் கோடு ஏறும். அங்கே மோனோகுளோரமின் உண்டாகிறது. பின்னர், மேலும் குளோரின் சேர்க்கச் சேர்க்கக் கோடு இறங்கும்! அங்கே குளோரமின்கள் சிதைந்து, நைட்ரஜன் வாயுவாகப் பிரிந்து வெளியேறுகின்றன. இறக்கம் முடிந்து கோடு மீண்டும் ஏறத் தொடங்கும் இடமே முறிவுப் புள்ளி. அதற்கு மேல் சேர்க்கும் குளோரின் யாவும் தனிக் குளோரினாக நிற்கும். நெடியும் அங்கே ஒடுங்கும்.

இதன் கணக்கையும் காண்போம். ஒரு மூலக்கூறு அம்மோனியாவை மோனோகுளோரமினாக்க ஒரு மூலக்கூறு குளோரின் வேண்டும். எடையிற் கூறினால், 14 பங்கு நைட்ரஜனுக்கு 71 பங்கு குளோரின். அதாவது ஒன்றுக்கு ஐந்து. அதனை முற்றும் நைட்ரஜன் வாயுவாக்க ஒன்றரை மூலக்கூறு குளோரின் வேண்டும். அதாவது ஒன்றுக்கு 7.6. மலையின் உச்சி ஐந்தில்; பள்ளத்தின் அடி 7.6இல். இரண்டிற்கும் இடையே நின்றுவிடுபவரே மிகுதியும் இடர்ப்படுகிறார். ‘கொஞ்சம் போட்டுப் பார்ப்போம்’ என்று அரைகுறையாக இட்டால் நெடி மிக்க டைகுளோரமினும் டிரைகுளோரமினும் எஞ்சி நிற்கும்.

ஏட்டுக் கணக்கின்படி இவ்வளவே போதும். ஆனால் குளத்தில் அம்மோனியா மட்டும் இல்லை. மெதுவாகச் சிதையும் யூரியாவும், குளோரினை உண்ணும் பிற கரிமப் பொருள்களும் உள்ளன. ஆதலின், தனிக் குளோரினைக் கூட்டுக் குளோரினைப்போல் பத்து மடங்காக உயர்த்துக என்னும் நடைமுறை விதியைக் குளம் பராமரிப்போர் கைக்கொள்கின்றனர்.

7. ஒரு மாதிரிக் கணக்கு

8 மீட்டர் நீளமும், 4 மீட்டர் அகலமும், சராசரி 1.25 மீட்டர் ஆழமும் உள்ள ஒரு வீட்டுக் குளத்தைக் கொள்வோம். அதன் கொள்ளளவு 40 கன மீட்டர். அதாவது 40,000 லிட்டர். பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஆகும். எனவே இக்குளத்தில் ஒரு பங்கு உயர்த்த 40 கிராம் குளோரின் தேவை.

சோதனையில் தனிக் குளோரின் 1.0 பங்கும், மொத்தக் குளோரின் 1.6 பங்கும் காட்டின என்க. கூட்டுக் குளோரின் 0.6. அதன் பத்து மடங்கு 6. ஏற்கெனவே ஒரு பங்கு இருப்பதால் இன்னும் 5 பங்கு வேண்டும். 5 × 40 = 200 கிராம் குளோரின். நூற்றுக்கு 65 பங்கு குளோரின் தரவல்ல கால்சியம் ஹைப்போகுளோரைட்டைப் பயன்படுத்தினால், 200 ÷ 0.65 = ஏறத்தாழ 308 கிராம் தூள் வேண்டும். சாதாரணப் பிளீச்சிங் பவுடரின் ஆற்றல் இதில் பாதி அளவே; மேலும் அதிலுள்ள சுண்ணாம்பு குளத்தைக் கலங்கச் செய்யும். எனவே அது வீட்டுக் குளத்திற்கு அவ்வளவு ஏற்றதன்று.

8. செய்முறை

முதலில் இலை, தூசு முதலியவற்றை அகற்றி, வடிகட்டியைக் கழுவ வேண்டும். அடுத்து, பி.எச். மதிப்பைச் சோதித்து 7.2க்கும் 7.6க்கும் இடையே கொண்டுவர வேண்டும். பின்னர், கணக்கிட்ட தூளை ஒரு பிளாஸ்டிக் வாளி நிறைய உள்ள நீரில் சிறிது சிறிதாகத் தூவிக் கரைத்து, நீரேற்றி ஓடிக்கொண்டிருக்கும்போதே குளத்தின் நாற்புறமும் ஊற்ற வேண்டும். பொழுது சாய்ந்தபின் செய்வது நலம்; வெயிலின் புற ஊதாக் கதிர்கள் தனிக் குளோரினை விரைவில் அழித்துவிடும். குளத்தை மூடும் விரிப்பை எடுத்துவிட வேண்டும்; கூரையுள்ள குளமாயின் கதவு, சாளரங்களைத் திறந்து வைக்க வேண்டும். வெளியேற வேண்டிய வாயுவை மூடி வைத்துக்கொண்டு நெடி போகவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை.

மறுநாள் மீண்டும் சோதிக்க வேண்டும். கூட்டுக் குளோரின் 0.2 பங்கிற்குக் கீழே இறங்கியிருப்பின் வேலை முடிந்தது. தனிக் குளோரின் 4 பங்கிற்குக் கீழே வரும்வரை எவரும் குளத்தில் இறங்கலாகாது. இருமுறை செய்தும் கூட்டுக் குளோரின் குறையவில்லையெனில், எளிதில் சிதையாத கரிமக் குளோரமின்கள் சேர்ந்துவிட்டன என்று கொள்ளலாம். அப்போது குளத்து நீரில் ஒரு பகுதியை வெளியேற்றிப் புதுநீர் விடுவதே வழி.

வெயிலில் குளோரின் அழியாதிருக்கச் சயனூரிக் அமிலம் கலப்பதுண்டு. டிரைகுளோர் மாத்திரைகளைத் தொடர்ந்து பயன்படுத்தினால் இவ்வமிலம் நீரில் சேர்ந்துகொண்டே போகும். அளவு மீறினால் குளோரின் இருந்தும் வேலை செய்யாது. கையிலே காசிருந்தும் பூட்டிய பெட்டிக்குள் இருப்பது போன்ற நிலை அது. இதற்கும் நீர் மாற்றுவதே மருந்து.

9. செய்யத்தகாதன

முதலாவதாக, ஹைப்போகுளோரைட்டையும் அமிலத்தையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கலாகாது. கலந்தால் குளோரின் வாயு பீறிட்டெழும். 1915இல் ஈப்ரே போர்க்களத்தில் படைவீரரைக் கொன்றது இதே வாயுதான். இரண்டாவதாக, கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் டிரைகுளோரும் ஒரே கரண்டியிலோ, ஒரே வாளியிலோ சேரக் கூடாது. தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். மூன்றாவதாக, நீரில்தான் தூளை இட வேண்டும். தூளின் மேல் நீரை ஊற்றக் கூடாது. நான்காவதாக, இப்பொருள்களை ஈரமற்ற, காற்றோட்டமுள்ள, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். குளத்தில் அன்றி, மருந்து வைத்திருக்கும் அறையில் கடும் நெடி எழுமானால் அது மெய்யாகவே குளோரின் கசிவாக இருக்கலாம். அங்கே ஆராய்ச்சி வேண்டா. உடனே வெளியேற வேண்டும்.

ஒரு பொருள் மற்றொன்றின் வேலையைக் கெடுக்கும் என்பதற்கு ரியோ டி ஜெனீரோ நகரில் 2016இல் நடந்த ஒலிம்பிக் போட்டி சான்றாகும். அங்கே குளத்து நீரில் தவறாக ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றப்பட்டது. அது குளோரினைச் செயலற்றதாக்கவே, உலகமே பார்த்துக்கொண்டிருக்க டைவிங் போட்டிக்குரிய குளம் பச்சை நிறமாயிற்று. பெயர் தெரியாத மருந்தைக் கொட்டுவோருக்கு இது நல்ல பாடம்.

10. வருமுன் காத்தல்

நெடியை நீக்குவதினும் அது பிறவாமல் தடுப்பது எளிது, செலவும் குறைவு. குளத்தில் இறங்குமுன் ஒரு நிமிடம் உடலை நன்கு கழுவினாலே வியர்வையும் அழுக்கும் பெரும்பகுதி நீங்கிவிடும். எண்ணெய் தேய்த்த தலையோடு இறங்கலாகாது. குழந்தைகளை மணிக்கொருமுறை கழிப்பறைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். குளத்தைப் பயன்படுத்தும் நாள்களில் நாள்தோறும் தனிக் குளோரினையும் பி.எச். மதிப்பையும் சோதித்துக் குறித்து வைக்க வேண்டும். விருந்தினர் பலர் நீந்திய நாளில் மாலையே சோதித்தல் வேண்டும். இவற்றிற்கு மருந்துக் கடை தேவையில்லை; ஒழுங்கு ஒன்றே போதும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், குளத்து நெடி என்பது குளோரின் தன் கடமையைச் செய்து களைத்துப்போனதன் அறிகுறி என்பதும், அதற்குத் தேவை குளோரினைக் குறைப்பதன்று, அளந்து நிறைவாகத் தருவதே என்பதும் விளங்கும்.

இவ்வேதியியல் செல்வர் வீட்டுக் குளத்தோடு நிற்பதன்று. நம் ஊர்க் கிணறுகளில் ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் வீதம் பிளீச்சிங் பவுடர் இடும்போதும் இதே வினைகள்தாம் நிகழ்கின்றன. கிணற்று நீரில் அழுக்கு மிகுந்திருந்தால் இட்ட குளோரின் எல்லாம் அதற்கே செலவாகி, குடிப்பவருக்குக் காவலாக ஒன்றும் மிஞ்சாது. ஒரு மணி நேரங்கழித்துச் சோதிக்கும்போது லிட்டருக்கு அரை மில்லிகிராம் தனிக் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்னும் விதியின் பொருள் இதுவே. வாடை வருகிறது என்று அந்நீரை வெறுத்து ஊற்றிவிட்டு, மருந்திடாத குட்டை நீரை நாடுவோர்க்கு இதனை எடுத்துரைக்கும் கடமை வேதியியல் கற்கும் மாணவர்களாகிய நமக்கு உண்டு.